கராபாக்: தண்ணீர் வந்த ஊரும் வராத ஊரும்

காபூலிலிருந்து வடக்கே சரிகார் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கராபாக் மாவட்டத்தில், அகதிகள் நாடு திரும்பிய கதை இரண்டு விதமாக நடந்திருக்கிறது. ஒருபுறம், எரிக்கப்பட்டுக் கண்ணிவெடி புதைக்கப்பட்டுக் கூரை ஒன்றும் மிஞ்சாத பழைய கிராமங்களுக்கு, உதவி நிறுவனங்கள் 'இப்போது வேண்டாம்' என்று தடுத்தும் கேட்காமல் மக்கள் திரும்பி வந்தார்கள். மறுபுறம், அதே மாவட்ட எல்லைக்குள், வெளிநாட்டுப் பணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வீடுகள் கட்டி 'வாருங்கள்' என்று அழைத்த இடத்துக்கு ஆள் வரவில்லை; வந்தவர்களிலும் பலர் தங்கவில்லை. இந்த முரண்பாட்டை விளக்க முயல்வதே இந்த ஆய்வின் வேலை. போர், அரசியல், இனம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், அடியில் கிடப்பது பாசன நீரின் பங்கு பற்றிய கேள்வி என்பதே இதை எழுதுபவரின் முடிவு.

பெயர்க் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 'கரா' என்பது துருக்கிய மொழியில் கறுப்பு, 'பாக்' என்பது பாரசீகத்தில் தோட்டம். இந்தக் 'கருந்தோட்டம்' என்ற பெயர் மத்திய ஆசியாவிலும் காக்கசஸிலும் பல ஊர்களுக்கு உண்டு. செய்திகளில் அடிபடும் நாகோர்னோ-கராபாக் வேறு. ஆப்கானிஸ்தானிலேயே கஜினி மாகாணத்தில் உள்ள கராபாக் வேறு. இங்கே பேசப்படுவது காபூல் மாகாணத்தின் வட எல்லையில், ஷோமாலி சமவெளியில் இருக்கும் கராபாக்.

கொடியும் முறையும்

ஷோமாலி என்பது காபூலுக்கு வடக்கே, மேற்கில் பக்மான் மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து கிழக்கில் பாக்ராம் வரை விரியும் சமவெளி. ஷகர்தரா, மீர் பச்சா கோட், கலாகான், இஸ்தாலிஃப், குல்தரா, கராபாக் ஆகியவை காபூல் மாகாணத்துக்குள் வரும் அதன் மாவட்டங்கள். 1929இல் சில மாதங்கள் காபூலில் அரசாண்ட ஹபீபுல்லா கலாகானி இந்த மண்ணைச் சேர்ந்தவர். இஸ்தாலிஃபின் தோட்டங்களை முகலாய அரசர் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். தாஜிக்குகளும் பஷ்தூன்களும் ஊருக்கு ஊர் கலந்து வாழும் பகுதி இது. ஒரே ஓடையின் மேல்மடையில் ஒரு இனத்தாரும் கடைமடையில் இன்னொரு இனத்தாரும் இருப்பது இங்கே புதுமையல்ல.

வாழ்க்கைக்கு ஆதாரம் திராட்சை. நிலத்தை இங்கே ஜெரிப் கணக்கில் அளப்பார்கள். ஒரு ஜெரிப் என்பது 2,000 சதுர மீட்டர், ஏறத்தாழ அரை ஏக்கர். மூன்று, நான்கு ஜெரிப் கொடித்தோட்டம் இருந்தால் ஒரு குடும்பம் மானத்தோடு பிழைக்கலாம் என்பது கிராமக் கணக்கு. பந்தல் கிடையாது, மண்ணை வரிசையாகப் பள்ளம் வெட்டி, அதன் கரைமேட்டில் கொடியைப் படரவிட்டு, பள்ளத்தில் நீர் பாய்ச்சுவது பழைய முறை. கிஷ்மிஷி என்ற விதையில்லாத சிறு ரகம் காய வைப்பதற்கு. நம் மளிகைக் கடைகளில் 'கிஸ்மிஸ்' என்று கேட்டு வாங்கும் சொல்லும் இதே பாரசீகச் சொல்தான். ஆப்கான் உலர்பழங்களுக்குத் தலைமுறைகளாக இந்தியாவே பெரிய சந்தை.

தோல் தடித்த தாய்ஃபி போன்ற ரகங்களைப் பச்சையாகவே குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றும் ஒரு வித்தை இந்தப் பக்கத்தில் உண்டு. வைக்கோல் கலந்து பிசைந்த களிமண்ணைக் கிண்ணம் போல இரண்டாகத் தட்டி வெயிலில் காய வைப்பார்கள். ஒரு கிண்ணத்தில் அடிபடாத பழங்களாகப் பொறுக்கி ஒன்றிரண்டு கிலோ வைத்து, மறு கிண்ணத்தைக் கவிழ்த்து, ஓரத்தைச் சேற்றால் பூசி மூடிவிடுவார்கள். பார்ப்பதற்குத் தட்டையான மண் அப்பம் போல இருக்கும் இதற்குக் கங்கினா என்று பெயர். வெயில் படாத குளிர்ந்த அறையில் அடுக்கி வைத்து, மார்ச் மாதத்து நவ்ரோஸ் புத்தாண்டுக்கு உடைத்தால், இலையுதிர்காலத்தில் பறித்த பழம் வாடாமல் இருக்கும். விலையும் கூடுதலாகக் கிடைக்கும். குளிர்சாதனக் கிடங்கு இல்லாத ஊரில், ஒரு குடும்பத்தின் குளிர்காலச் சேமிப்பு என்பது பெரும்பாலும் இந்த மண் அப்பங்களின் எண்ணிக்கைதான்.

மழையை நம்பி இதெல்லாம் நடப்பதில்லை. மலைப்பனி உருகி வரும் ஓடைகள், 1970களில் சீன உதவியுடன் பஞ்ஷிர் ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட பர்வான் கால்வாய், அவற்றுக்கெல்லாம் மூத்த காரீஸ் என மூன்று வழிகளில் நீர் வருகிறது. காரீஸ் என்பது மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் 'தாய்க்கிணறு' ஒன்றிலிருந்து, சிறு சரிவில், பூமிக்குள்ளேயே சுரங்கமாக நீரைக் கொண்டுவந்து கிராமத்துக்கு மேலே வெளியே விடும் அமைப்பு. சுரங்கத்தைத் தோண்டவும் தூர்வாரவும் காற்றுக்காகவும் வழிநெடுக நிலைக்குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் வாயைச் சுற்றியும் தோண்டிய மண் வளையமாகக் குவிந்திருப்பதால், விமானத்திலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகளை நூல் பிடித்து வைத்தது போலத் தெரியும். மேலே மர உருளையைச் சுற்ற ஒருவர், கீழே ஆள் குனிந்து மட்டுமே நகரக்கூடிய இருட்டில் வண்டலை வாளியில் அள்ளி அனுப்ப ஒருவர் என ஆண்டுதோறும் தூர்வாரினால்தான் அது உயிரோடு இருக்கும். ஊரார் சேர்ந்து கூலியின்றிச் செய்யும் இந்தக் குடிமராமத்துக்கு அங்கே ஹஷர் என்று பெயர். வராத வீடு ஆளுக்குப் பதில் கூலி கொடுக்க வேண்டும்.

நீரைப் பங்கிடுபவர் மீராப், அதாவது நம் வழக்கில் நீர்க்கட்டி. ஹக்காபா எனப்படும் நீர்ப்பங்கு நிலத்தோடு சேர்ந்த உரிமை; மணிக்கணக்கில், சில இடங்களில் அதற்கும் நுண்ணிய அளவில், இரவு பகல் முறையாகச் சுழலும். யாருக்கு எந்த இரவில் எத்தனை நேரம் என்பது மீராபின் நினைவிலும் ஊர்ப் பெரியவர்களின் சாட்சியத்திலும் இருக்கிறதே தவிர, அரசு ஏட்டில் அநேகமாக இருப்பதில்லை. நிலத்துக்கே கூட, நீதிமன்ற முத்திரை பெற்ற கபாலா பத்திரத்தைவிட, சாட்சிக் கையெழுத்தோடு ஊருக்குள் எழுதிக்கொண்ட சீட்டுகளே அதிகம். வாரத்துக்கு உழும் தெஹ்கானுக்கு விளைச்சல் பிரியும் கணக்கும் இதையே காட்டுகிறது: நிலம், நீர், விதை, எருது, உழைப்பு என்று ஐந்து கூறு, கை உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவனுக்கு ஐந்தில் ஒன்று. நிலத்திலிருந்து பிரித்து நீருக்கென்று தனிக்கூறு வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே திறவுகோல்.

எரிப்பு

1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்தபின், சலாங் கணவாய் வழியாகக் காபூலுக்கு வரும் அவர்களுடைய ஒரே வடக்கு வழித்தடம் ஷோமாலியின் ஊடாகச் சென்றதால், சாலையோரக் கிராமங்கள் முதல் பத்தாண்டிலேயே நொறுங்கின. பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் போன முதல் அலை அப்போது கிளம்பியது. 1990இல் நாட்டுக்கு வெளியே இருந்த ஆப்கான் அகதிகள் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தனர். உலகில் அன்றிருந்த மிகப் பெரிய அகதிக் கூட்டம் அதுவே. 1992இல் சோவியத் ஆதரவு பெற்றிருந்த நஜிபுல்லா ஆட்சி விழுந்ததும் கொஞ்சம் பேர் திரும்பி வந்து கொடியைத் திருத்தினார்கள். 1996 செப்டம்பரில் தாலிபான் காபூலைப் பிடித்ததும், சமவெளி மறுபடி போர்முனையானது. 1997 ஜனவரியில் சரிகார், ஜபல் சராஜ் பகுதிகளைப் பிடித்த தாலிபான், தங்களுக்கு எதிராக ஊரார் கிளர்ந்தெழக்கூடும் என்ற அச்சத்தில் அங்கிருந்த தாஜிக் மக்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றியது. அந்த ஆண்டிலேயே தாலிபானை எதிர்த்துப் போரிட்ட தளபதி அகமது ஷா மசூதின் படை அந்த ஊர்களைத் திரும்பப் பிடித்தது.

ஆனால் கராபாக் மக்கள் 'எரிப்பு' என்று சொல்வது 1999ஐ. அந்த ஆண்டு ஜூலை 28 அன்று தாலிபான் பெரும் தாக்குதல் தொடங்கி ஒரு வாரத்தில் சமவெளி முழுவதையும் கடந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் மசூத் திருப்பித் தாக்கி அவர்களைத் தெற்கே தள்ளினார். எந்த ஊர் நம்முடையது, எந்த ஊர் அவர்களுடையது என்று தெரியாத நிலையில், தாலிபான் ஊர்களையே இல்லாமல் ஆக்கும் வழியை எடுத்தது. வீடுகளுக்குத் தீ வைத்தனர். கூரை உத்திரங்கள் எரிந்து விழுந்ததும் மண்சுவர்கள் அடுத்த குளிர்கால மழையிலும் பனியிலும் தாமாகக் கரைந்தன. கொடிகளை எரித்தனர், மல்பெரி, பாதாமி மரங்களை அடியோடு வெட்டினர், காரீஸ் குழிகளைத் தகர்த்தனர். ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சில நாட்களில் கிளம்பினர். பெரும்பகுதி வடக்கே பஞ்ஷிர் பள்ளத்தாக்குக்கு நடந்தே போனது. ஆயிரக்கணக்கானோர் காபூலில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சோவியத் தூதரக வளாகத்தின் கட்டடங்களில் தஞ்சம் புகுந்தனர். லாரிகளில் ஏற்றப்பட்ட வேறு பலர், ஆண்கள் பல இடங்களில் பிரிக்கப்பட்டு, ஜலாலாபாத் அருகே சர்ஷாஹி முகாமின் வெந்த மணலில் இறக்கிவிடப்பட்டனர். மனித உரிமை அமைப்புகளும் ஐ.நா.வும் அப்போதே இதைப் பதிவு செய்துள்ளன.

அதன்பின் 2001 நவம்பர் வரை போர்முனை பாக்ராம் விமானத்தளத்தை ஒட்டி, சரிகாருக்குத் தெற்கே நகராமல் நின்றது. இரண்டு தரப்பும் கண்ணிவெடி புதைத்தன. கொடித்தோட்டத்தின் பள்ளங்கள் பதுங்கு குழிகளாகவும், தோட்டத்து மண்சுவர்கள் அரண்களாகவும் பயன்பட்டதால், உழவன் தினமும் கால் வைக்கும் இடங்களிலேயே வெடிகள் கிடந்தன. 2001 அக்டோபரிலும் நவம்பரிலும் அமெரிக்க விமானங்கள் இந்த முனைமீது கொத்துக்குண்டுகள் வீசின. வெடிக்காமல் தங்கிய அவற்றின் மஞ்சள் உருளைகள், அதே நாட்களில் விமானத்திலிருந்து போடப்பட்ட உணவுப் பொட்டலங்களின் மஞ்சள் நிறத்திலேயே இருந்தன என்பதும், பிறகுதான் பொட்டலத்தின் நிறத்தை மாற்ற முடிவெடுத்தார்கள் என்பதும் போர்க்கால நிர்வாகம் எவ்வளவு யோசிக்கும் என்பதற்கு ஒரு சான்று. போதாக்குறைக்கு, 1998இல் தொடங்கிய வறட்சி நான்காம் ஆண்டில் இருந்தது.

அழையாமல் வந்தவர்கள்

காபூல் 2001 நவம்பர் 13இல் தாலிபானிடமிருந்து விழுந்தது. பஞ்ஷிரிலிருந்தும் காபூல் தூதரக வளாகத்திலிருந்தும் ஷோமாலிக்காரர்கள் அந்தக் குளிர்காலத்திலேயே ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டனர். ஐ.நா. அகதிகள் முகமையின் அதிகாரபூர்வத் திட்டம் பாகிஸ்தானிலிருந்து 2002 மார்ச் 1இலும், ஈரானிலிருந்து ஏப்ரலிலும் தொடங்கியது. அந்த ஆண்டுக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று போட்ட கணக்கு கோடைக்காலத்திலேயே உடைந்து, வந்தவர்களின் எண்ணிக்கை ஆண்டு முடிவில் 18 லட்சத்தைத் தாண்டியது. எதிர்பார்ப்பைவிட எண்ணிக்கை கூடிப்போனதால் உதவிப் பொருளை முகமை குறைக்க வேண்டி வந்தது. குடும்பத்துக்குக் கோதுமை, பிளாஸ்டிக் விரிப்பு, சோப்பு. பயணச்செலவுக்குத் தூரத்தைப் பொறுத்துத் தலைக்குச் சில டாலர் முதல் சில பத்து டாலர் வரை. காபூலின் கிழக்கு விளிம்பில் புலி சர்க்கியில் அமைந்த மையத்தில் பணம் கொடுத்து, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு, மாதிரி வெடிகளைக் காட்டி எச்சரித்து அனுப்பினார்கள்.

இந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறுபடி பாகிஸ்தானுக்குப் போய் இன்னொரு முறை வருகிறார்கள் என்ற புகார் எழுந்ததால், 2002இன் பிற்பகுதியில் பெஷாவர் அருகே கண்ணின் கருவிழிப் படலத்தைப் படமெடுத்து ஒப்பிடும் கருவி வந்தது. ஏமாற்று இருந்தது உண்மைதான். ஆனால் போய்வந்தவர்கள் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது, ஒரு உழவர் குடும்பம் எப்படி முடிவெடுக்கும் என்பதை அறியாதவர்களின் கணக்கு. மூத்த மகன் முதலில் வந்து, தோட்டத்தில் கொடி தளிர்த்திருக்கிறதா, காரீஸில் நீர் இருக்கிறதா, பக்கத்து வீட்டார் யார் திரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, குளிருக்குப் பெஷாவர் திரும்பி, அடுத்த வசந்தத்தில் குடும்பத்தோடு வருவது இயல்பான நிதானம். எல்லைச்சாவடியின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கொடிகள் தளிர்த்திருந்தன என்பதே கராபாக்கின் அதிர்ஷ்டம். ஆப்கான் திராட்சை ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்பது. மேல்பகுதி எரிந்தாலும், வேருக்கு ஈரம் எட்டியிருந்தால் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் விடும். நீர் போகாமல் கிடந்த தோட்டங்களில் வேரும் செத்திருந்தது. அங்கே புதுக்குச்சி நட்டு, முதல் காய்ப்புக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். எனவே முதல் ஆண்டில் ஊரின் தலையாய கேள்வி வீடு எப்போது எழும் என்பதைவிட, காரீஸ் எப்போது ஓடும் என்பதாகவே இருந்தது.

அதற்கு முன் கண்ணிவெடி. ஹாலோ ட்ரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அமைப்பும் ஆப்கான் அமைப்புகளும் ஷோமாலியில் வேலையைத் தொடங்கின. வழியோரக் கற்களுக்குச் சாயம் பூசி எல்லை காட்டுவார்கள்: சிவப்புப் பூசிய பக்கம் ஆபத்து, வெள்ளைப் பூசிய பக்கம் சுத்தம் செய்யப்பட்டது. ஒரே கல்லின் ஒரு பாதி சிவப்பும் மறு பாதி வெள்ளையும் இருக்கும். இடிந்து குவிந்த சுவர் மண்ணுக்குள் இருக்கும் வெடியை எடுக்க, கவசம் பூட்டிய மண்வாரி இயந்திரத்தால் இடிபாட்டை அள்ளிப் பரப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கொடிப் பள்ளத்துக்குள் இயந்திரம் நுழையாது, அங்கே ஆள் மண்டியிட்டுக் கம்பியால் குத்திக் குத்தி முன்னேற வேண்டும். தோட்டக்காரர்கள் அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. சிவப்புக் கல்லுக்கு அப்பால் இருந்த தன் கொடியைக் கிளைகழிக்கப் போய்க் காலை இழந்தவர்கள் உண்டு. விளையாடப் போன பிள்ளைகளும், வண்டல் வாரக் குழிக்குள் இறங்கியவர்களும் உண்டு.

வீட்டு விஷயத்தில் முகமை எடுத்த முடிவு அறிவார்ந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். முழு வீடு கட்டித் தரவில்லை. கூரைக்கு உத்திர மரம், கதவு நிலை, சன்னல் சட்டம், கருவிகள், கொஞ்சம் பணம் ஆகியவற்றை மட்டும் கொடுத்து, சுவரைக் குடும்பமே எழுப்பிக்கொள்ள விட்டது. பக்சா என்று அவர்கள் சொல்லும், ஈரக்களிமண்ணை அடுக்கடுக்காக வைத்து எழுப்பும் சுவருக்கு மண் அங்கேயே இருக்கிறது, கை அங்கேயே இருக்கிறது. வெட்டப்பட்டுப் போனது மரம் மட்டுமே. அந்த ஒன்றைத்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு அறை மட்டும் எழுந்த வீடுகள் நிறைய. அந்த ஒரே அறையின் நடுவில் தணல் சட்டிமேல் குட்டையான மேசையை வைத்து, பெரிய மெத்தைப் போர்வையை அதன்மேல் விரித்து, சந்தலி என்ற அந்த அமைப்பின் நாற்புறமும் வீட்டார் எல்லோரும் கால்களை உள்ளே நீட்டிப் படுப்பார்கள். கழித்து எறிந்த கொடிக்குச்சியே தணலுக்கு விறகு. கொடி இல்லாத வீட்டில் விறகும் இல்லை என்பது வெளியாருக்கு உடனே தோன்றாத கணக்கு.

காரீஸ் தூர்வாரும் ஹஷர் அவ்வளவு எளிதாகக் கூடவில்லை. ஹஷருக்குப் பழைய பங்குதாரர் எல்லோரும் வேண்டும். பாதிப் பேர் இன்னும் பாகிஸ்தானில். வந்தவர்கள் தூர்வாரினால் வராதவரின் முறை யாருக்கு? மீராப் இறந்திருந்தால் முறையின் வரிசையை யார் சொல்வது? 'வேலைக்கு உணவு', 'வேலைக்குப் பணம்' என்று கூலி கொடுத்துத் தூர்வார நிறுவனங்கள் முன்வந்தது முதல் ஆண்டுகளில் கைகொடுத்தது. ஆனால் பங்குக்காகக் கூலியின்றிச் செய்த வேலை கூலிக்குச் செய்யும் வேலையாக மாறியபின், நிறுவனம் வெளியேறிய ஆண்டில் குழிக்குள் இறங்க ஆள் கிடைப்பது கடினமானது. 2003இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டம் கிராமந்தோறும் தேர்ந்தெடுத்த குழுவுக்கு, குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப அதிகபட்சம் 60,000 டாலர் வரை கொடுத்து, எதைச் செய்வது என்பதை ஊரே முடிவு செய்ய விட்டது. நீர்ப்பங்கைப் பேசித் தீர்க்க ஊர்கள் ஒன்றாக உட்கார அது ஒரு காரணம் கொடுத்தது என்பதை, கட்டிய மதகுகளைவிடப் பெரிய பயனாகச் சொல்லலாம்.

இனப் பிரச்சினையை இந்த ஆய்வு சுருக்கமாகவே தொட முடியும். தாலிபானில் பெரும்பாலோர் பஷ்தூன்கள் என்பதால், தாலிபான் வீழ்ந்தபின் வட ஆப்கானிஸ்தானின் பல இடங்களில் பஷ்தூன் குடும்பங்கள் பழிவாங்கப்பட்டு விரட்டப்பட்டன. ஷோமாலியிலும், 1999இன் வடு ஆறாத நிலையில், பஷ்தூன்களின் வருகை தயக்கத்தோடும் தாமதத்தோடுமே நடந்தது. ஒரே ஓடையில் மேல்மடையும் கடைமடையும் சேர்ந்து தூர்வாராமல் நீர் வராது என்ற நிர்ப்பந்தம், சமாதானப் பேச்சுகள் எட்டாத சில இடங்களுக்கு எட்டியது.

கொடி காய்க்கும்வரை வயிற்றுக்கு? காபூலில் கட்டட வேலை, செங்கல் சூளை, சாலைப் பணி, அமெரிக்கப் படை இருந்த பாக்ராம் தளத்தில் கூலி. கடன் வேண்டியவர்கள் நிலத்தைக் கெரோ வைத்தார்கள். அதாவது பணம் கொடுத்தவர் கடன் தீரும்வரை நிலத்தை அனுபவிக்கும் ஒற்றி முறை. திரும்பி வந்த சந்தோஷம் அடங்குமுன் சொந்த நிலத்திலேயே வாரக்காரர் ஆனவர்கள் அப்படி உருவானார்கள். ஆயினும், 2000களின் நடுப்பகுதிக்குள் சாலையின் இருமருங்கும் பச்சை திரும்பியது. கண்ணிவெடி நீக்கிய இடத்தில் திராட்சை நடுவதையே நோக்கமாகக் கொண்ட ரூட்ஸ் ஆஃப் பீஸ் என்ற அமெரிக்க அமைப்பு, தூண் நட்டுக் கம்பியில் கொடியேற்றும் முறையை ஷோமாலியில் பரப்பியது. குலைகள் மண்ணில் படாததால் பழம் கெடுவது குறைந்தது. தூணுக்கும் கம்பிக்கும் முதல் போட முடிந்தவர்களே அதற்கு மாறினார்கள் என்பதும் சேர்த்துச் சொல்லத்தக்கது.

பரிகாப்

இதுவரை சொன்னது நிலம் உள்ளவர்களின் கதை. இருபது ஆண்டு அகதி வாழ்க்கையில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊரில் நிலமே இல்லை. தாத்தா வாரத்துக்கு உழுதவர், அல்லது இருந்த இரண்டு ஜெரிப் ஆறு பேரன்களுக்குப் பிரியப் போதாது. இவர்களுக்காக 2005 டிசம்பரில் அதிபர் ஹமீது கர்சாயின் 104ஆம் ஆணை வந்தது. நிலமற்ற, அந்தந்த மாகாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட, திரும்பி வந்த அகதிகளுக்கும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கும் அரசுப் புறம்போக்கில் வீட்டுமனை, குறைந்த விலையில் கொடுப்பது திட்டம். நாடெங்கும் பல இடங்கள் ஒதுக்கப்பட்டன. கராபாக்கில் ஒதுக்கப்பட்டது பரிகாப் என்ற வறண்ட மேட்டுநிலம்.

அங்கே ஆஸ்திரேலிய அரசின் பணத்தில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையில் எழுந்த குடியிருப்புக்கு ஆலிஸ்கான் என்று பெயர் வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒட்டகம் ஓட்டியவர்களை அங்கே 'ஆப்கான்கள்' என்பார்கள். அவர்கள் நினைவாக 'கான்' என்று அழைக்கப்படும் ரயில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் வழியாக ஓடுகிறது. இரண்டையும் சேர்த்த நட்புப் பெயர். (அந்த ஒட்டகக்காரர்களில் பலர் இன்றைய பாகிஸ்தான் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பது வேறு விஷயம்.) ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், நேரான தெருக்கள், பள்ளி என்று 2000களின் இறுதிக்குள் எல்லாம் தயாராயின. தண்ணீர் மட்டும் இல்லை.

நிலத்தடியில் போதுமான நல்ல நீர் இல்லாத இடம் அது. குடிநீர் டாங்கர் லாரியில் வந்தது. பாசனத்துக்கு என்று எதுவும் இல்லை. கராபாக்கின் நீர் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் ஹக்காபா. பழைய ஊர்களின் ஓடையிலோ காரீஸிலோ புதிய குடியேறிகளுக்குப் பங்கு கிடையாது. எந்த அதிபர் ஆணையாலும் அதைக் கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் அது அரசிடம் இருந்ததே இல்லை. வேலை காபூலில், போக வரப் பேருந்துக் கட்டணமே ஒரு நாள் கூலியின் கணிசமான பகுதி. காபூலில் கூடாரத்திலோ வாடகை அறையிலோ இருந்தால் காலையில் கூலிச் சந்தியில் போய் நிற்கலாம். பரிகாபில் சொந்த வீட்டில் இருந்தால் அது முடியாது. திட்டமிட்ட குடும்பங்களில் சிறு பகுதியே குடிவந்தது. ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாகப் பூட்டிய வீடுகள் நின்றன.

இதை ஊழல் என்றோ திறமையின்மை என்றோ மட்டும் விளக்குவது எளிது. 104ஆம் ஆணைத் திட்டம் முழுவதிலும் அவை இருந்தன என்பதும் உண்மை. ஆனால் எல்லோரும் நேர்மையாக நடந்திருந்தாலும் பரிகாப் தோற்றிருக்கும் என்றே தோன்றுகிறது. யாருக்கும் நீர்ப்பங்கு இல்லாத நிலமாக இருந்ததால்தான் அது அரசுக்குச் சும்மா கிடைத்தது. மனைக்கு ஏற்றது என்று அதிகாரிகள் கருதிய அந்தக் காரணமே வாழ்வதற்கு ஏற்றதல்ல என்பதன் அடையாளம். பக்கத்து ஊரில் எந்தக் கிழவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இன்றைய திரும்பல்

2002இல் தொடங்கிய பத்தாண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடு திரும்பினர். இப்போது நடப்பதை அதே 'திரும்பல்' என்ற சொல்லால் குறிப்பது கடினம். பாகிஸ்தான் 2023 அக்டோபர் 3இல், உரிய ஆவணமில்லாத வெளிநாட்டவர் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது; சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆப்கானியர் தோர்காம், ஸ்பின் போல்தக் எல்லைகளைக் கடந்தனர். ஈரான் 2025 ஜூலை 6ஐக் கெடுவாக வைத்தது; அந்தக் கோடையில் இஸ்லாம் கலா சாவடியில் ஒரே நாளில் பல்லாயிரம் பேர் இறங்கினர். 2025இல் மட்டும் இரு நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இவர்களில் கணிசமானோர் ஆப்கானிஸ்தானை முன்பின் பார்த்திராதவர்கள்.

கராபாக் அவர்களை எதிர்கொள்ளும் நிலை 2002ஐவிட ஒரு வகையில் மேல்: உள்நாட்டுப் போர் இல்லை, சாலை இருக்கிறது, கண்ணிவெடி பெரும்பாலும் நீங்கியிருக்கிறது, கொடி காய்க்கிறது. மற்ற வகைகளில் மோசம். 2021 ஜூலை 2இல் அமெரிக்கப் படை பாக்ராமைக் காலி செய்ததோடு தளத்தைச் சுற்றியிருந்த கூலி வேலை போனது. ஆகஸ்ட் 15இல் தாலிபான் காபூலுக்குள் வந்தபின் வெளிநாட்டு உதவியும் வங்கிப் பணமும் சுருங்கின. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை செய்யவும் தடை வந்தது. கணவரில்லாத பெண் எல்லையில் வந்து இறங்கினால், அவருடன் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யப் பெண் ஊழியரே வேண்டும். அந்த ஊழியரை வேலைக்கு வைப்பதே சிக்கலாகிவிட்டது. தெஹ்ரானிலோ மஷாதிலோ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பெண், கராபாக்கில் அடுத்த வகுப்பைத் தேடினால் கிடைக்காது.

தண்ணீரும் மாறிவிட்டது. சூரிய மின்தகடு மலிந்தபின் வசதியுள்ள தோட்டக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு, டீசல் செலவில்லாமல் பகல் முழுக்க இறைக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு மேல்நீரை இழுக்கும்போது, சரிவை மட்டும் நம்பி ஓடும் காரீஸின் தாய்க்கிணறு முதலில் வற்றும். காரீஸில் இருந்த பங்கு சட்டப்படி இன்னும் பங்குதான். பாய்வதற்கு நீர்தான் இல்லை. கிணறு போட முதல் இல்லாதவர்கள் மீராபிடம் முறையிடலாம். ஆனால் மீராபின் அதிகாரம் வாய்க்கால் வரைக்கும்தான், துளைக்குள் இறங்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1979இல் கராபாக்கில் நான்கு ஜெரிப் கொடித்தோட்டமும், காரீஸில் பத்து நாட்களுக்கு ஒருமுறை ஆறு மணி நேர முறையும் ஒருவருக்கு இருந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று மகன்கள். ஒருவர் 2002இல் வந்து, தகப்பனின் தோட்டம் முழுவதையும் ஆறு மணி நேரத்தையும் வைத்துப் பயிர் செய்து, பந்தல் கம்பிக்குக் கடன் வாங்கி, இருபது ஆண்டு ஹஷருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். 2023இல் பெஷாவரிலிருந்து இரண்டாமவர் மனைவி மக்களோடு லாரியில் வந்து இறங்குகிறார். 2025இல் ஈரானில் இறந்துபோன மூன்றாமவரின் பிள்ளைகள் வருகிறார்கள். ஷரியத் வாரிசுரிமைப்படி நிலம் மூன்றாகப் பிரிய வேண்டும். அதை மறுப்பவர் இல்லை. முறை இரண்டு இரண்டு மணி நேரமாகிறது. வாய்க்கால் தலைப்பிலிருந்து தோட்டம்வரை காய்ந்த மண் குடித்ததுபோக, பள்ளத்தின் கடைசிக் கொடிவரை நீர் போய்ச்சேரவே அதில் ஒரு நல்ல பகுதி கழிந்துவிடும். ஆகவே மூவரும் முறையைப் பிரிக்காமல் ஒன்றாகப் பாய்ச்சி விளைச்சலைப் பிரித்துக்கொள்ளலாமா, அல்லது இருவர் தம் மணிகளை மூத்தவருக்கே குத்தகைக்கு விட்டுவிட்டுக் காபூலில் வண்டி தள்ளப் போகலாமா என்று, இரவு சந்தலியைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள்.